வலி என்று சொல்லக்கூடாத அறை

மார்ச் 3, செவ்வாய்

இன்றிலிருந்து வேலைக்குத் திரும்பியாயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் இருவரும் வெறுங்கையோடு வீடு வந்து மூன்று நாள் ஆகிறது. எட்டாம் மாதம். பெண் குழந்தை. வயிற்றிலேயே இதயம் நின்றுவிட்டது. ஒருமுறை எழுதியாகிவிட்டது, போதும். இனி இந்த நோட்டில் நல்லது மட்டும்தான்.

இன்றைய நல்லது: என்னிடம் பயிற்சிக்கு வரும் லிப்ட் மெக்கானிக் முழங்காலைத் தொண்ணூறு டிகிரி மடக்கிவிட்டார். மூட்டு மாற்றிப் பன்னிரண்டே நாள். என் பிசியோ அறையின் சட்டம் அவருக்கு மனப்பாடம். 'வலி' என்ற சொல்லுக்கு உள்ளே அனுமதி கிடையாது. பத்துக்கு எத்தனை என்று எண் மட்டும் சொல்லலாம். "ரெண்டு சார்" என்று கட்டைவிரலை வேறு உயர்த்திக் காட்டினார். என் வகுப்பில் முதல் ராங்க் இவர்தான்.

மார்ச் 4, புதன்

கிளம்பும்போது மனைவியிடம், நமக்கு இன்னும் வயசு இருக்கிறது, அடுத்தது நல்லபடியாக வரும் என்றே நினை என்று சொன்னேன். "சரிங்க" என்றாள். தேறிவிடுவாள்.

மார்ச் 6, வெள்ளி

குழந்தைக்கு வாங்கி வைத்த துணிகள் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தன. அவள் குளிக்கப் போன நேரத்தில் ஒரு பையில் அள்ளிக்கொண்டு போய், எங்கள் ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்காரும் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு அடுத்த மாதம் பிரசவம்.

சாயங்காலம் வந்தபோது அலமாரி திறந்து கிடந்தது. அவள் எதுவும் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். "நல்லது" என்றாள்.

அதில் கோபம் இருந்ததா? இருந்தால் வாயைத் திறந்து சொல்லியிருப்பாளே.

மார்ச் 8, ஞாயிறு

கொடி முழுக்கத் துண்டு. நேற்றும் இப்படித்தான். ஏன் இத்தனை என்று கேட்டதற்கு, வேர்க்கிறது என்றாள். அதற்கு இத்தனை துண்டா? சரி, துருவித் துருவிக் கேட்பானேன்.

அத்தை போன் செய்தார். "மாப்பிள்ளை, அவளைக் கொஞ்ச நாள் இங்க அனுப்புங்களேன்." பெற்ற தாய்க்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிட்டது? ஆனாலும், இங்கே நன்றாகத்தான் இருக்கிறாள் என்று அடித்துச் சொன்னேன். பக்கத்தில் நின்றிருந்தவள் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

மார்ச் 10, செவ்வாய்

மெக்கானிக்கின் கால் வீங்கி, சாக்ஸ் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. கெண்டைக்காலைத் தொட்டதும் அவர் பல்லைக் கடித்தாற்போல் இருந்தது. எத்தனை என்றேன். "ரெண்டுதான் சார்." எனக்குச் சந்தேகம் வந்தது. வந்தும் நடக்க வைத்தேன்.

மார்ச் 11, புதன்

எல்லாம் நல்லபடியாகத்தான் போகிறது.

மார்ச் 12, வியாழன்

மெக்கானிக் பயிற்சிக்கு வரவில்லை. மேல்மாடி வார்டில் படுத்திருக்கிறார். கெண்டைக்கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்துவிட்டது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் நுரையீரலுக்கு ஏறியிருக்கும் என்று டாக்டர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். தொட்டுப் பார்த்தவன் நான்தான். படித்த படிப்பை எங்கே கொண்டுபோய் அடகு வைத்தேன்?

உண்மையில் எத்தனை என்று கட்டிலருகே நின்று கேட்டேன். எட்டு என்றார். ஒரு வாரமாகவே எட்டுதானாம்.

"ஏன் சொல்லல?"

"நீங்க அவ்வளவு ஆசையா கேப்பீங்க சார். எட்டுன்னா உங்க முகம் சுருங்கிடும். அதான்."

கால் போனாலும் பரவாயில்லை என்று என்னைத் தேற்றியிருக்கிறார் மனிதர். அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதே நாள், சாயங்காலம்

அந்த நேரத்தில் நான் வருவேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. குளியலறைத் தரையில், மார்போடு ஈரத் துண்டை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. பால் கட்டிக்கொண்டிருக்கிறது. குழந்தை இல்லை என்பது உடம்புக்கு எப்படித் தெரியும்? பத்து நாளாக ஒளித்து ஒளித்துத் துண்டு துவைத்திருக்கிறாள்.

ஏன் சொல்லவில்லை என்று இங்கேயும் கேட்டேன்.

"சொன்னா ஏதாவது நல்ல வார்த்தை சொல்வீங்க. அதைக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல."

எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல என் வாய் தானாகவே திறந்தது. என்ன வாய் இது!

"போதும். நீங்க அவ முகத்தைக்கூடப் பாக்கல. நர்ஸ் ரெண்டு தடவ கூப்பிட்டாங்க. பாத்தா மனசுல தங்கிடும்னு வெளியவே நின்னுட்டீங்க. நான் மட்டும் தனியா பாத்தேன்."

நின்றேன்தான். பயம். வேறென்ன? மனசைத் திடமா வச்சுக்கோங்கன்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன் — பத்தடி நடந்து உள்ள போக முடியல.

மார்ச் 14, சனி

நேற்று டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஜுரம் இறங்கியிருக்கிறது. நாளை அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று பையில் துணி அடுக்குகிறாள். எப்போது திரும்புவாய் என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். போகாதே என்று சொல்ல எனக்கு எந்த முகம் இருக்கிறது?

மார்ச் 15, ஞாயிறு

வண்டி பத்து மணிக்கு. எட்டரைக்கே அவள் தயாராக உட்கார்ந்திருந்தாள். நான் எதிரே தரையில் உட்கார்ந்து, "அவ எப்படி இருந்தா?" என்று கேட்டேன். நல்ல வார்த்தை எதையும் சேர்க்கவில்லை.

மடியிலிருந்த பையைக் கீழே வைத்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். தலை நிறைய முடியாம். விரல் நகம்கூட வளர்ந்திருந்ததாம். இடது காதின் நுனி மட்டும் மடிந்திருந்ததாம். நேராகிவிடும் என்று இவள் நீவி நீவி விட்டாளாம், நர்ஸ் வந்து வாங்கிக்கொள்ளும் வரைக்கும்.

மூக்கு யாருடையது என்று கேட்டேன்.

"உங்களோடது" என்றவள் உடைந்து அழுதாள். நானும்தான்.

பத்து மணி வண்டி போய்விட்டது. அடுத்தது மூன்று மணிக்கு. அவள் முகம் கழுவிக்கொண்டு வரட்டும், உதடு யாருடையது என்று கேட்க வேண்டும்.