உன் துப்பட்டியில் தைத்த நாடாக்கள்

லாத்தா,

காலையில் உன் துப்பட்டியைத் துவைத்துக் கொடியில் போட்டேன். முன்னெல்லாம் அதை முகர்ந்தால் நீ பூசுகிற அத்தர் வரும், கொஞ்சம் அடுப்புப் புகையும் வரும். இப்போது ஆஸ்பத்திரி வாசனைதான் அடிக்கிறது. எத்தனை முறை அலசினாலும் போகவில்லை. கொடிக்குக் கீழே நின்று அழுதேன். பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்ததும், கண்ணில் சோப்பு பட்டுவிட்டது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து இதை எழுத உட்கார்ந்தேன். உன் தங்கச்சிக்கு அஞ்சாவதோடு நின்ற படிப்பு, எழுத்து கோணலாகத்தான் வரும். சிரித்துக்கொள்.

ஊரில் பிள்ளைகள் எல்லாம் கறுப்புப் புர்காவுக்கு மாறின பிறகும், தலையிலிருந்து கால்வரை போர்த்துகிற இந்த வெள்ளைத் துணியை நீ விடவே இல்லை. "கறுப்புப் போட்டா வெயில் என்னைத்தான்டி முதல்ல தேடும்" என்பாய்.

மார்பில் கட்டி இருக்கிறது என்பதை நீ என்னிடம் சொன்னது கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது. கடுகு தீர்ந்துபோச்சு என்பது மாதிரிச் சொன்னாய். உன்னைக் கட்டின மச்சான் சவுதியில் இருந்தார், அதனால் நான்தான் உன்னோடு பஸ் ஏறினேன். வெண்ணாற்றங்கரை நெடுக நடவு நடந்துகொண்டிருந்தது. "ஆம்பளை டாக்டரா இருந்தா என்ன செய்வே லாத்தா?" என்று கேட்டேன். "காட்டுவேன். உசுர விடவாடி வெக்கம் பெருசு?" என்றாய். அதை நான் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்கிறேன். நீ வெட்கப்பட்டே செத்தாய் என்று பேசுகிறவர்களிடம் கட்டாயம் சொல்கிறேன்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் அறைக்குக் கதவைச் சாத்தவில்லை. வரிசையில் ஆண்களும் நின்றார்கள். சீட்டு வாங்குகிற அம்மா உன் பெயரைப் படித்ததுமே முகத்தைச் சுளித்தாள்.

"அந்த வெள்ளையக் கழட்டி வச்சிட்டு ஜாக்கெட்டத் தளர்த்திக்கிட்டு நில்லு. நேரமாகுது."

நீ அவளிடம் மெதுவாகக் கேட்டாய். "தங்கச்சி, மறைப்பா ஒரு திரை இருக்காம்மா?"

"இது என்ன உங்க வீடா? உங்க ஆளுங்களே இப்படித்தான். முத்தவிட்டுட்டு வர்றது, வந்த இடத்துல சட்டம் பேசுறது."

டாக்டர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. நமக்குப் பின்னால் ஒரு அக்கா நின்றாள், காலில் வயல் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலனியிலிருந்து நடந்தே வந்தவள். அவள் உன் காதோரம் சொன்னாள்: "எங்களையும் இப்படித்தாம்மா பேசுவாங்க. காது கேக்காதவ மாதிரி நின்னுட்டா மருந்து கிடைச்சிரும்."

நீ அவளைப் பார்த்துத் தலையாட்டினாய். ஆனால் உனக்குக் காது கேட்டுவிட்டது லாத்தா. துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே நடந்தாய். திரும்பி வருகிற பஸ்ஸில் ஒரே ஒரு பேச்சுதான் பேசினாய். "ஒரு துணிதானேடி கேட்டேன்."

அதற்குப் பிறகு கருஞ்சீரக எண்ணெய், ஓதி ஊதின தண்ணீர். வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினேன். "எங்க போனாலும் அவதான்டி உக்காந்திருப்பா" என்று வாயை அடைத்துவிட்டாய். சம்பா அறுப்பு நடக்கிறபோது கட்டி உடைந்தது. பிறகுதான் வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அந்த டாக்டர் நல்ல மனுஷர். தானே எழுந்து கதவைச் சாத்தினார். பார்த்து முடித்துவிட்டு, "முன்னாடியே வரக்கூடாதாம்மா?" என்றார். "வந்தேனே தம்பி. மறைக்கத் துணி இல்லேன்னாங்க, திரும்பிட்டேன்" என்றாய்.

உன்னை மையவாடிக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்த பிறகு துப்பட்டியைத் துவைக்காமல் மடித்துப் பெட்டியில் வைத்தேன். மனது தாங்காதபோது மூடியைக் கொஞ்சமாகத் திறந்து முகர்ந்துவிட்டு உடனே மூடிவிடுவேன். வாசனை போய்விடக் கூடாதே.

ஒருநாள் உன் மகள் வந்து என் கையைப் பிடித்துத் தன் மார்பில் வைத்தாள். கோலிக்குண்டு மாதிரி ஒன்று உருண்டது. "ஆஸ்பத்திரிக்கு மட்டும் கூப்பிடாதே சாச்சி. உம்மாவ நிக்க வச்ச மாதிரி நான் நிக்க மாட்டேன்" என்றாள். உன் பிடிவாதம் அப்படியே இருக்கிறது அவளிடம்.

ஊருக்கு வருகிற நர்ஸம்மா அந்த வாரம் கேட்டார், "அக்கா, உங்க தெருவுலேருந்து மட்டும் யாரும் மார்க்கட்டி பாக்குற முகாமுக்கு வர்றதில்லையே, ஏன்?" உன் கதையைச் சொன்னேன். "அப்ப நாங்க உங்க தெருவுக்கு வர்றோம்" என்றார். சொன்ன மாதிரியே லேடி டாக்டரைக் கூட்டிக்கொண்டு மதரசாக் கூடத்துக்கு வந்துவிட்டார்.

பெண்கள் கூடிவிட்டார்கள், உன் மகளையும் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிப்போயிருந்தேன். ஆனால் கொண்டுவந்திருந்த பச்சைத் திரை அந்தப் பக்கம் இருக்கிற ஆளைக் காட்டியது.

"இது மீன் அரிக்கத்தான்டி ஆகும்" என்றாள் ஒருத்தி.

"நீ முதல்ல போ, உள்ள என்ன தெரியுதுன்னு நாங்க சொல்றோம்" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள், ஒருத்தியும் நகரவில்லை. உன் மகள் செருப்பைத் தேட ஆரம்பித்தாள்.

நான் வீட்டுக்கு ஓடினேன். பெட்டியைத் திறந்தேன். எடுக்க மனம் வரவில்லை லாத்தா. வெளியே எடுத்தால் அதில் மிச்சமிருந்த நீ போய்விடுவாய். ஆனால் செருப்பைத் தேடுகிறாளே. எடுத்துவிட்டேன். பாவாடை நாடாவை உருவி வெட்டி, மூலைக்கு ஒன்றாகத் தைத்துக்கொண்டு ஓடினேன். நர்ஸம்மா ஒரு பக்கம் கட்டினார், நான் ஒரு பக்கம் கட்டினேன்.

உன் மகள் கிட்டே வந்து ஓரத்தைத் தொட்டாள். "உம்மாவுது" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதல் ஆளாக உள்ளே போனாள். வெளியே நின்ற எனக்கு அவள் கால் மட்டும்தான் தெரிந்தது. "பயப்படாதீங்கம்மா, நேரத்தோட வந்துட்டீங்க" என்று டாக்டர் சொன்னது கேட்டது. வந்த அழுகையை வாயில் துணி வைத்து அடக்கினேன். அதே வார்த்தையை யாராவது உனக்குச் சொல்லியிருக்கலாம்.

ஆபரேஷன் முடிந்து, ஊசி மருந்தெல்லாம் முடிந்து, இப்போது அவளுக்குத் தலையில் முடி பொடிப்பொடியாக முளைக்கிறது. தடவிப் பார்த்தால் நாற்று மாதிரிக் கையில் குத்துகிறது.

அன்றையிலிருந்து நர்ஸம்மா நடத்துகிற முகாமுக்கெல்லாம் உன் துப்பட்டிதான் திரை. நேற்று அது ஆற்றுக்கு அந்தப் பக்கம் காலனிக்குப் போயிருந்தது. நானும் போனேன். அன்றைக்கு உன் காதோரம் பேசின அக்காவைத் தேடினேன், காணவில்லை. இருக்கிறாளோ என்னவோ. வேறு பெண்கள் வயலிலிருந்து அப்படியே வந்து ஒவ்வொருத்தராக உன் துணிக்குப் பின்னால் போய் வந்தார்கள். அவர்கள் கால் பட்ட இடத்தில்தான் ஓரமெல்லாம் சேறு. அதைத்தான் காலையில் கசக்கினேன்.

துப்பட்டி காய்ந்துவிட்டது. சாயங்காலம் நர்ஸம்மா வந்து வாங்கிக்கொள்வார், நாளைக்கு வேறு ஊரில் முகாம். மடிக்கும்போது நான் முகர்ந்து பார்க்கத்தான் செய்வேன். நீ அதில் இல்லை. ஒரு நாடா மட்டும் தளர்ந்திருக்கிறது, அவர் வருவதற்குள் இறுக்கித் தைக்க வேண்டும்.