ஒரே குளிசை, இரண்டு வயிறு

மார்ச் 4, 2024

காலையிலேயே ஐந்து தரம் வயிற்றாலை போய்விட்டது. என் மனைவி துஷாந்தினி புட்டும் மாம்பழமும் சாப்பிட்டுவிட்டுத் தையல்கடைக்குப் புறப்பட்டாள். வாசலில் நின்று வயிறு நிறைந்த ஓர் ஏவறை விட்டாள். அந்த ஏவறைக்கு எனக்கு வந்த எரிச்சல்!

இரண்டு பேருக்கும் ஒரே எச்.ஐ.வி., ஒரே குளிசை. கட்டாரில் வேலை செய்த காலத்தில் நான் வாங்கி வந்து அவளுக்குக் கொடுத்த நோய். கொடுத்தவன் எலும்பாகிவிட்டேன். அவளுக்குக் கன்னம் வைத்திருக்கிறது. அவள் சுகமாக இருப்பதற்கு நான் கோயிலில் தேங்காய் அல்லவா உடைக்க வேண்டும்? மனம் வருகிறதில்லை.

மார்ச் 7

நான் ஓட்டுகிற மினிபஸ்ஸின் முதலாளி செபநாயகம் அண்ணை வீட்டுக்கு வந்தார். நேற்று ஆட்களை பஸ்ஸில் இருத்திவிட்டு நான் கடைக் கக்கூசுக்கு ஓடியதை யாரோ சொல்லிவிட்டார்கள். "சுகப்படுத்திக்கொண்டு வாரும் தம்பி. வயித்தாலை போற ஆளை வைச்சு எப்பிடி பஸ் ஓடுறது?" அவருக்கு அவ்வளவுதான் தெரியும். சாவியைக் கொடுத்துவிட்டேன்.

இனி அவள் உழைப்பாள். நான் வீட்டில்.

மார்ச் 10, ஞாயிறு

இதை எழுதாமல் விட்டால் என்ன? இல்லை, எழுதத்தான் வேண்டும்.

நண்டுக்கறி வைத்து மூடிவிட்டு அவள் குளிக்கப் போனாள். வீடெல்லாம் மணம். எனக்குக் கஞ்சி. சட்டியைத் தூக்கிப்போய் நாய்க்குக் கொட்டினேன்.

வந்து சட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் கஞ்சியில் ஒரு கோப்பை வார்த்து, பக்கத்தில் இருந்து குடித்தாள்.

ஏசியிருக்கலாம். சீ, நானும் ஒரு மனிசனோ?

மார்ச் 19

கிளினிக். டொக்டர் அவளுடைய இரத்தப் பரிசோதனையைப் பார்த்துச் சிரித்தார். "நல்ல முன்னேற்றம்." என்னுடையதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "வேறை ஏதும் கரைச்சல் இருக்கோ?"

"ஒண்டும் இல்லை." எப்போதும் சொல்லும் பொய்தான். பொம்பிளை டொக்டரிடம் எப்படிச் சொல்வது?

"பொய், டொக்டர்," என்றாள் துஷாந்தினி. "ஒரு நாளைக்கு ஒம்பது தரம் போறார். நாலு மாசம். இவர் உடுக்கிற சாரம் தோய்க்கிறது நான், எனக்குத் தெரியும்."

செத்துவிடலாம் போலிருந்தது. டொக்டர் பேனையை வைத்தார். "ஏன் முதலே சொல்லேல்லை? உதைச் சும்மா விடேலாது. மலம் சோதிக்கவேணும்."

திரும்பி வரும்போது அவளை விட்டு முன்னால் நடந்தேன். டொக்டருக்கு முன்னால் அவள்தான் நல்ல பிள்ளை, என்ன?

மார்ச் 27

குடலில் ஒரு கிருமி. எதிர்ப்புச் சக்தி விழுந்தவர்களை லேசில் விடாதாம். ஆனால் மருந்து இருக்கிறது. இந்த நாலு மாதமும் இருந்திருக்கிறது.

ஏப்ரல் 5

மூன்று தரம்.

ஏப்ரல் 11

ஒரே ஒரு தரம்! அடுப்படிக்கு ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். சொன்ன வாயோடு, "அண்டைக்கு நண்டு... நான்தான்," என்றேன்.

"ஓம், தெரியும். நாய்க்கும் ரெண்டு நாள் வயித்தாலை போனது."

சிரித்துச் சிரித்து அழுதுவிட்டேன். பிறகு அவளும்.

மே 20

செபநாயகம் அண்ணை திரும்பச் சாவி தந்து இன்று முதல் நாள். துஷாந்தினி என் பஸ்ஸிலேயே வேலைக்கு வந்தாள். கொண்டக்டர் நிருஷன், "அக்கா, இஞ்சை இருங்கோ," என்று முன் சீற்றைக் கொடுத்தான். கொடுத்ததோடு விட்டானா? பக்கத்தில் நின்று ஏதோ பகிடி. கண்ணாடியில் பார்க்கிறேன், இவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். உவனுக்கு டிக்கெட் கிழிக்கிற வேலை இல்லையோ? அப்பிடி என்னதான் சொல்லியிருப்பான்?

யாழ்ப்பாணம் போய்ச் சேரும்வரை எனக்கு வேறு நினைப்பே இல்லை, வயிற்றின் நினைப்புக்கூட.