பின்வளவுக்கு இறங்கும் தண்ணீர்

ஆரையம்பதி,
கார்த்திகை, புதன்கிழமை.

அன்பு மகள் வதனிக்கு,

நாங்கள் சுகம் என்றுதான் தொடங்க வேண்டும். காய்ச்சல் இல்லை, அம்மாவின் பிரஷர் குளிசைக்குக் கட்டுப்படுகிறது, நாங்கள் இருக்கிற உன் வீட்டுக்குள் தண்ணீர் ஏறவில்லை. அந்த அளவில் சுகம். மெல்பேர்னில் நீயும் மருமகனும் சின்னவனும் இதைவிட நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்ல நான்கு தரம் பார்த்தேன். நான் வாய் திறக்க முதல் "அப்பா, புல்லு எப்பிடி இருக்கு, படம் எடுத்து அனுப்புங்க" என்கிறாய். ஆகவே எழுதி, படம் பிடித்துப் போனில் அனுப்புகிறேன். கடிதத்தை இடையில் வெட்ட முடியாது. முழுவதும் வாசி.

புல் பச்சையாக இருக்கிறது. அதில் குறை இல்லை. ஒன்பது நாளாக மழை, முற்றம் முழுவதும் நீ போடச் சொன்ன அந்தப் பிளாஸ்டிக் புல் காபட் மெத்தைபோல் எழும்பி நிற்கிறது, இந்தப் பக்கம் மிதித்தால் அந்தப் பக்கம் புடைக்கிறது. ஒரு மணித்தியாலம் வெயில் எறித்தால் ஈரச்சாக்கு மணம். ஓரமெல்லாம் பாசி. முருங்கை இலை ஒட்டினால் கூட்ட வராது, அம்மா விடிய எழும்பிக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறாள். "மண்ணெண்டா கூட்டலாம், புல்லெண்டா செதுக்கலாம், இத என்ன செய்யிற?" என்று என்னிடம் கேட்கிறாள், நான்தான் செய்வித்ததுபோல. அயல்வீட்டு ஆடு ஒன்று வந்து மோந்து பார்த்தது. அவமானப்பட்டதுபோல் திரும்பிப் போய்விட்டது.

நீ காட்டிய வீடியோவில் பொய் இல்லை. காபட்டில் துளை இருக்கிறது, விழுகிற மழை துளையால் இறங்குகிறது. இறங்கிய தண்ணீர் பிறகு எங்கே போவது என்று அந்த வீடியோக்காரன் சொல்லவில்லை. இங்கே ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, வாவித் தண்ணீர் கடலுக்குப் போக முகத்துவாரம் இன்னும் வெட்டவில்லை, ஒரு அடி தோண்டினால் ஊற்று. முந்தி இரண்டு நாள் கணுக்கால் தண்ணீர் நிற்கும், மூன்றாம் நாள் மணல் குடித்துவிடும். சின்னவன் போன மாரிக்கு வழுக்கி விழுந்தது அந்த இரண்டு நாளில்தான். அதற்காக நீ புல் கேட்டாய். காபட் போடுகிற காத்தான்குடி நளீர் வந்து, மணலில் புல் நில்லாது என்று ஒரு அடிக்குச் சரளைக் கிறவல் கொட்டி ரோலர் ஓட்டினான். இறுகிய கிறவல் தண்ணீரைக் குடிக்காது. அதன் மேலே வழுக்கிக்கொண்டு பின்வளவுக்கு இறங்குகிறது. பின்வளவில் இருப்பது உன் தங்கச்சி.

விதுர்ஷாவுக்கு இது ஏழாம் மாதம். வாசல்படியில் தண்ணீர். மலசலகூடக் குழி நிரம்பிவிட்டது, ஊற்றினால் போகாது, திரும்பி வருகிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் எங்கள் பக்கம் வந்து போகிறாள். அவள் உனக்கு வொய்ஸ் போட்டாளாம். நீ "அப்ப நீயும் மண் போட்டு உயத்து" என்று பதில் போட்டாயாம். அன்றிலிருந்து உன் பெயரைச் சொல்வதில்லை. அம்மாவிடம், "முன்வளவுக்காரி புல்லு போட்டவ, எனக்குக் குளம் தந்தவ" என்றாள். அவள் புருஷன் பிரதீஸ் மாங்கேணிக்காரன், தோணியில் வளர்ந்தவன், அவன் வாய் உனக்குத் தெரியும். "மாமா, நீங்க தந்தது வீடா தோணியா? தோணியெண்டு சொல்லியிருந்தா நான் துடுப்பு கொண்டு வந்திருப்பன்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளை மாங்கேணிக்குக் கூட்டிப் போகப் போகிறான். பெட்டி கட்டியாகிவிட்டது. அங்கேயிருந்து பெரியாஸ்பத்திரிக்கு ஒன்றரை மணித்தியாலம், வெள்ளமென்றால் ரோட்டே இல்லை. கல்யாணம் கட்டி வந்து சேர்ந்த மாப்பிள்ளை பெண்ணையும் கூட்டிக்கொண்டு திரும்பிப் போகிறான் என்றால் எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவனுக்கு அது எவ்வளவு அவமானம் என்று உனக்கு நான் எழுதத் தேவையில்லை. அதை நான் தாங்குவேன். ரோட்டில் வலி வந்தால் அவள் என்ன செய்வாள்?

நளீரைக் கூப்பிட்டேன். மேற்கு மதில் ஓரமாக இரண்டரை அடி அகலத்துக்குப் புல்லை எடு, கிறவலை வெட்டு, பின்வளவிலிருந்து வீதியோர வடிகான் வரைக்கும் வாய்க்கால் வேண்டும் என்றேன். தலையைச் சொறிந்தான். "சேர், வளவு மகள்ட பேர்ல. ஓடர் தந்தவவும் மகள்தான். அவ சொல்லாம நான் ஒரு ஆணியும் கழட்ட மாட்டன், கோவிச்சுக்காதீங்க" என்றான். சீதனமாகக் காணி உறுதி எழுதிக் கொடுத்தவன் நான், அதே முற்றத்தில் ஒரு மண்வெட்டி போட எனக்கு உரிமை இல்லை. அவன் சொன்னது சரி. அதுதான் இன்னும் எரிச்சல்.

ஆனால் நளீரில் பழி போட முடியாது. ரோலர் ஓட்ட முதல் அவன் கேட்டான். "சேர், தண்ணி ஓட வாட்டம் எந்தப் பக்கம்?" நான் கையை நீட்டிப் பின்பக்கம் காட்டினேன். நீர்ப்பாசனத்தில் முப்பத்தொரு வருடம். வவுணதீவு வயல் வட்டைகளில் எந்த வரம்பில் தண்ணீர் எப்போது ஏறும் என்று கேட்டு ஆட்கள் என்னிடம்தான் வருவார்கள். தண்ணீர் எப்போதும் போகிற பக்கத்தைக் காட்டினேன். அந்தப் பக்கத்தில் ஒரு வீடு இருக்கிறது என்று கை யோசிக்கவில்லை.

அதற்கும் முந்திய பிழை ஒன்று உண்டு. இதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. வளவை இரண்டாகப் பிரித்தபோது நானே மட்டம் பிடித்தேன். பின்பக்கம் ஒரு அடி நான்கு அங்குலம் பள்ளம். தெரிந்தேதான் மேட்டை உனக்கு எழுதினேன். மூத்தவள், முதல் கல்யாணம், உன் மாப்பிள்ளை வீட்டார் கெட்டிக்காரர். சின்னவளுக்குப் பிறகு மண் போட்டு உயர்த்தலாம் என்று எனக்கு நானே சொன்னேன். போடவில்லை. மாரி வராத வருடங்களில் மறந்தும் போனேன். ஆகவே அவளைப் பார்த்து மண் போட்டு உயத்து என்று நீ சொன்னது என்னைப் பார்த்துச் சொல்ல வேண்டியது.

வீதிக் கான் மூன்றடி ஆழம். மட்டம் பார்த்துவிட்டேன், வாட்டம் கிடைக்கும். மதில் ஓரம் நீ வைத்த விளக்குகள் போகும். சின்னவன் மார்கழியில் வரும்போது புல்லின் ஒரு பக்கம் கிழிந்து இருக்கும். இந்த மாரிக்கு மட்டுமல்ல, அந்த வாய்க்கால் தங்கச்சிக்கு உரியது என்று உறுதியிலும் எழுத வேண்டும்.

அனுமதி கேட்கிறேன் என்று எழுதி வெட்டினேன். அறிவிக்கிறேன் என்று எழுதி அதையும் வெட்டினேன். வீடு உன்னுடையது. பிழை என்னுடையது. சனிக்கிழமை விடிய நான் மண்வெட்டியோடு இறங்குவேன், நளீர் வந்தாலும் வராவிட்டாலும். அறுபத்தெட்டு வயதில் கிறவல் வெட்டுகிறேன் என்று அழாதே, கோபித்துக்கொள், அதுவும் என்னில். ஓம் என்றால் எனக்குச் சொல்லாதே. அவளைக் கூப்பிட்டுச் சொல். எடுக்க மாட்டாள். எடுக்கும் வரைக்கும் கூப்பிடு. நான் வெட்டினால் தண்ணீர் மட்டும்தான் போகும், பெட்டியை அவிழ்க்க வைக்க என்னால் முடியாது.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். உறுதியின் பிரதி உன்னிடம் இருக்கிறது, படம் பிடித்து அனுப்ப மறக்காதே. சின்னவனுக்கு அம்மாவின் முத்தம்.

உன் நன்மையையும் அவள் நன்மையையும் ஒரே மட்டத்தில் வைக்கத் தவறிய,
அப்பா
யோகராசா