வெயில் அளந்த தெரு

அன்புள்ள அப்பாவுக்கு,

கடைத்தெருவை அகலப்படுத்த, சாலைப் பொறியாளரான நீங்கள் அங்கிருந்த மரங்களை வெட்டவைத்த நாளிலிருந்து நாம் பேசவில்லை. வெயில் ஏறினால் பறவைகள் எங்கே போகின்றன என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. போன இரண்டு கோடையும் அதே தெருவில் வெப்பமானியோடு நின்றேன். ஒரு குருவிகூட வரவில்லை.

நேற்று போனால், ஆளுயரத்துக்கு வரிசையாகக் கன்றுகள்! ஒன்றின் நிழலில் இரண்டு குருவிகள். வெயிலைவிட அங்கே நான்கு டிகிரி குறைவு.

எதிரே கடை வைத்திருக்கும் முடிதிருத்துபவரிடம் விசாரித்தேன். “உங்கப்பாதாம்மா நட்டாரு. தினம் காலையில வாளியும் கையுமா வந்துடுவாரு. உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதாம்” என்று சிரித்தார்.

இடுப்பு வலியோடு இனி வாளி தூக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் ஊற்றுகிறேன். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.

உங்கள் பிடிவாதக்கார மகள்