மைனரை இறக்கிக் கொண்டுவந்த நாள்

மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் காய்ந்து சட்டையில் உதிர்ந்துகொண்டிருந்தது. திருமலையிலிருந்து அலிபிரிக்கு இறங்கும் பஸ். வேண்டிக்கொண்டது அம்மா, முடி போனது எனக்கு. முதல் வளைவிலேயே என் குதிகால் இரண்டும் தரையை அழுத்த ஆரம்பித்தன. முதுகு தானாக நிமிர்ந்தது. பக்கத்து சீட்டு அக்கா என் காலைப் பார்த்தார்.

“இன்னாப்பா, பிரேக் உன் கால்லயா கீது?”

“டிரைவருக்கு ஒரு சப்போர்ட்டுக்கா.”

அவர் சிரித்தார். நீ இருந்திருந்தால் மொட்டையில் ஒன்று போட்டிருப்பாய். சந்தன வாசனை மூக்கில் ஏறியதும் உன் வீட்டுக் குதிரையின் நெற்றிதான் கண்ணில் வந்தது. கல்யாணத்துக்குக் கிளம்பும்போது அதற்குச் சந்தனம் பூசுவது உன் வேலை.

மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போகும் வெள்ளைக் குதிரைக்கு மைனர் என்று பெயர் வைத்தவர் உன் நைனா. “நீ மைனர், நான் மைனர், குதிரையும் மைனர். யாருக்குமே லைசென்ஸ் கிடையாது” என்று நான் சொன்னபோது நீ சிரிக்கவே இல்லை. மறுநாள் வகுப்பில் அதை உன் ஜோக்காகச் சொல்லிக் கைதட்டல் வாங்கினாய். திருடி.

நகரியில் நம் தெரு முழுக்கப் பவர்லூம் சத்தம். உங்கள் வீட்டில் மட்டும் கனைப்பு. குன்றுக் கோயிலில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை குதிரையில் ஏறிப் போவார், பெண்ணோடு காரில் இறங்கிவிடுவார். மைனர் மட்டும் சரிவின் விளிம்பில் கால் வைக்க மாட்டாமல் நிற்கும். உன் நைனா வாய்க்கயிற்றைப் பிடித்து இழுக்க இழுக்க அது பின்னால் போகும்.

காரணத்தைக் கண்டுபிடித்தது நீ. முகத்தில் தொங்கும் ஜரிகைச் சரம். கல்யாணத்துக்குப் போன குதிரையின் அலங்காரத்தை வீடு வந்து சேரும்வரை கழற்றக் கூடாது, கழற்றினால் ஆகாது என்பது உங்கள் வீட்டு வழக்கம். சமதரையில் பரவாயில்லை. இறக்கத்தில் மைனருக்குத் தன் காலடியே தெரியவில்லை.

“மாப்ள நல்லா இருக்கணும்னா குதிர கண்ண மூடிக்கணுமா நைனா?” என்று கேட்டு, சரத்தை அவிழ்த்துத் துப்பட்டாவில் முடிந்துகொண்டு ஏறினாய். அவர் திட்டிக்கொண்டே பின்னால் ஓடிவந்தார். அடுத்த கல்யாணத்தில் சரிவு வந்ததும், நீ அவிழ்ப்பதற்காக, வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நீ என்னை ஏற்றிவிட்ட அன்று நான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

“டேய், அத கட்டிப்புடிக்காத. அதுக்கே உன் மூஞ்சி புடிக்கல. நிமுந்து குந்து. குதிகால எறக்கு. கயித்த லூசா உடு, அது தலைய ஆட்டித்தான் பேலன்ஸ் பண்ணிக்கும். கீழ பாக்காத. கால் வைக்கிறது அதோட வேல. நீ போற எடத்தப் பாரு.”

“போற எடத்துல மாவுக்கட்டு போடறவர் கீறாரா?”

“மொதல்ல உன் வாய்க்குத்தான்டா கட்டு போடணும்.”

மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போகும் காரில் சாய்ந்துகொண்டு, “மைனருக்குக் கொள்ளு வெச்சிடு. நீ துன்னுடாத” என்றாய். அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். திரும்பி வந்ததும் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். ஆம்புலன்ஸ் சைரன் போடாமல் தெருவுக்குள் வந்தது. அவசரம் ஏதுமில்லை என்பது அதிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு உன் நைனா சரத்தைத் தொட யாரையும் விடவில்லை. “அவ அத்த கழட்டிக்கினே இருந்தா. அதான் போய்ட்டா” என்றார். சாமியே வந்து சொன்னாலும் கேட்டிருக்க மாட்டார். கண் மறைந்த மைனரைச் சரிவில் இழுத்ததில், அது விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டது. கடைசியில் சித்தூர்க்காரர் ஒருவரிடம் விலை பேசி முடித்தார். ஒரு குன்றுக் கல்யாணம் மட்டும் பாக்கி இருந்தது. அது முடிந்ததும் அடிவாரத்திலேயே வேனில் ஏற்றிவிடுவது என்று பேச்சு.

நானும் போனேன். இறக்கத்தில் மைனர் ஒழுங்காக வந்துவிட்டால் உன் நைனா மனசு மாறிவிடும் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் நான் எப்படி என்று உனக்குத் தெரியும்.

விளிம்பில் அது நடுங்கிக்கொண்டு நின்றது. நான் சரத்தை அவிழ்த்தேன்.

“வாணாம்டா, கைய எட்றா!”

“மாமா, அவ காய்ச்சல்ல போய்ட்டா. இது இன்னா பண்ணுச்சு?”

நான் ஏறினேன். நிமிர்ந்தேன், குதிகாலை இறக்கினேன், கயிற்றைத் தளர்த்தினேன். மைனர் குனிந்து தரையை முகர்ந்தது. பின்கால்களை வயிற்றுக்கடியில் கொண்டுவந்து, ஒவ்வொரு காலாக வைத்தது. சரளைக்கல் உருண்டபோது அதன் முதுகு ஒரு பக்கம் சரிந்தது, நான் அதோடு சரிந்து அதோடு நிமிர்ந்தேன். கீழே பார்க்கவில்லை. போகும் இடத்தைப் பார்த்தேன். போகும் இடத்தில் அந்த வேன் நின்றது.

உன் நைனா மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். கடிவாளத்தைப் பிடித்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, குதிகாலைப் பார்த்தார்.

“மாமா, பாத்தீங்களா, சூப்பரா எறங்கிச்சு. வெச்சுக்கலாம் மாமா.”

“பாத்தேன்டா. அப்டியே அவ குந்தற மாதிரியே குந்திக்கினு வர்ற. அதான் வாணாங்கறேன். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் இத்த என்னால பாக்க முடியாது.”

நன்றாக இறங்கியிருக்கக் கூடாதோ என்று அந்த ஒரு நிமிஷம் நினைத்தேன். விழுந்திருந்தால் மட்டும்? அப்போதும் விற்றிருப்பார்.

“திகு பாபூ, திகு” என்று சித்தூர்க்காரர் தெலுங்கில் இறங்கச் சொன்னார். இறங்கினேன். இறக்கத்தில் சரம் கட்டாதீர்கள் என்று அவரிடம் சொன்னேன். வேன் கதவைப் பூட்டிக்கொண்டே தலையாட்டினார். சரம் என் சட்டைப் பையில் இருந்தது. நான் கொடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. சித்தூரில் ஜரிகை கிடைக்காதா என்ன? அது எனக்குத் தெரியாமல் இல்லை.

உன்னிடமிருந்து என்னிடம் தங்கியது இந்தக் குதிகால்தான். படி, பாலம், மலைப்பாதை, எந்த இறக்கம் வந்தாலும் என்னைக் கேட்காமல் அழுத்துகிறது. கீழே குதிரை இல்லை என்று அதற்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

அலிபிரியில் பஸ் நின்றது. “கால எடுப்பா, வழி உடு. எறங்கியாச்சு” என்றார் அக்கா. எடுக்கக் கொஞ்ச நேரமானது.