செத்தவன் பாடும் மங்களம்

17 மே 1967, புதன். காரைக்குடி.

காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. தொண்டைக் கரகரப்பு இன்றோடு நாற்பது நாள். அதிமதுரம், மிளகு, பனங்கற்கண்டு, எல்லாம் தின்றாயிற்று. ஒரு மண்ணும் ஆகவில்லை.

சனிக்கிழமைக்குள்:
கிரீடத்தில் இரண்டு கண்ணாடிச் சில்லு ஒட்ட.
ரத்தச் சாயம்.
சூனியக்காரி வேஷக்காரன் மீசையை எடுக்க மாட்டேன் என்கிறான். பேச.

வெள்ளைக்காரக் கவியின் நாடகம். விருந்துக்கு வந்த ராஜாவைக் கொன்று பட்டத்துக்கு வரும் தளபதி. பதினெட்டு வருஷமாக நான்தான் தளபதி, கம்பெனி முதலாளியும் நானே. கடைசியில் என்னை வெட்டுகிறவன் ரத்தினம், என் மச்சினன். கொட்டகைக்குப் பின்னால் எவனோ என் வசனத்தைச் சொல்கிறான் என்று எட்டிப் பார்த்தேன். ரத்தினம். ஒரு சொல் பிசகவில்லை.

18, வியாழன்.

டாக்டர். தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"பத்து நாளா." பொய்.

அதற்கப்புறம் அவர் என் முகத்தையே பார்க்கவில்லை. "நாளைக்கே மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. சதை எடுத்துப் பார்க்கணும். அதுவரை வாயைத் திறக்கக் கூடாது."

"சனிக்கிழமை நாடகம் இருக்கு."

"அது உங்க இஷ்டம்."

கோமதி கேட்டாள்: "என்ன சொன்னாக?" வெறும் சூடு என்றேன். நம்பினாளோ, நம்பினதுபோல நடித்தாளோ. என் மனைவியும் நடிகைதானே. பயமாக இருக்கிறது.

19, வெள்ளி.

சனிக்கிழமை நாடகத்தை ஏற்பாடு செய்த வீட்டு ஆச்சி வந்தார். பேரனுக்குக் கல்யாணம்.

"அஞ்சாறு சாவு விழுகுற நாடகமாமே. வீட்ல முகூர்த்தக்கால் ஊண்டியாச்சு. கடைசில மங்களம் உண்டுல்ல?"

"உண்டு ஆச்சி. நானே பாடுவேன்."

எங்கள் கம்பெனியில் அது சட்டம். நாடகத்தில் கடைசியாகச் செத்தவன் எழுந்து நின்று தானே மங்களம் பாட வேண்டும். அப்போதுதான் மேடையில் செத்த தோஷம் அவனை விட்டுக் கழியும். மங்களம் காதில் விழாமல் இந்தப் பக்கத்து ஜனம் பாயைச் சுருட்டாது. இத்தனை வருஷத்தில் எனக்காக வேறொருவன் பாடியதில்லை.

20, சனி.

மேகம். மழை இல்லை. காலையிலிருந்து வாய் திறக்கவில்லை. சிலேட்டில் எழுதிக் காட்டுகிறேன். விரதம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும். மேலே தொங்கும் மைக்கை ஒரு முழம் இறக்கச் சொல்லி எழுதினேன்.

21, ஞாயிறு.

எழுதிவிடுகிறேன். ராஜாவைக் கொல்லும் வரை குரல் நின்றது. பிறகு விரிசல். பிறகு காற்று. பாதியை முகத்தாலேயே ஒப்பேற்றினேன். ரத்தினம் வெட்டினான், விழுந்தேன். நன்றாகத்தான் விழுந்தேன்.

ஆர்மோனியம் சுருதி கொடுத்தது. எழுந்து வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி சுருதி. கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை. மூன்றாம் சுருதிக்கு என் முதுகுக்குப் பின்னால் ரத்தினம் மங்களத்தை எடுத்தான். கையில் என்னை வெட்டின கத்தி. நன்றாகப் பாடினான் பாவி. அதுதான் பொறுக்கவில்லை. ஜனம் பாயைச் சுருட்டிப் போய்விட்டது.

ஆச்சி மட்டும் வந்தார். "நீக பாடலையே. ஒங்களை வெட்டுனவருல்ல பாடுனாரு."

"யாரு பாடுனா என்ன ஆச்சி" என்றாள் கோமதி.

"எங்களுக்கு ஒண்ணுமில்லத்தா. மங்களம் காதுல விழுந்துருச்சு. அவுகளுக்குத்தான்..." சுருக்குப் பையிலிருந்து திருநீறு எடுத்து என் நெற்றியில் பூசிவிட்டுப் போனார்.

கோமதி சிலேட்டைக் கொண்டுவந்து வைத்தாள். "டாக்டர் என்ன சொன்னாக? நெசத்தை எழுதுங்க." எழுதினேன். படித்துவிட்டுத் துணிமணி எடுத்து வைத்தாள்.

22, திங்கள். மதுரை.

முதல் பஸ். கோமதியும் கூட. ரத்தினம் வந்து ஏற்றிவிட்டான். "திருப்பத்தூர் ஆட்டத்தை நான் பாத்துக்கிறேன் அத்தான். நீக கவலைப்படாதீக." கண் கலங்கியிருந்தான். நடிப்பில்லை. எனக்குத்தான் அவனைப் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரி பெஞ்சு. பினாயில் நெடி. எனக்கு முன்னால் உள்ளே போன ஆள் இன்னும் வெளியே வரவில்லை. பக்கத்துக்காரர் கழுத்தில் துணி. பேச்சுக் கொடுத்தார், சத்தம் இல்லை, உதடு மட்டும். தலையாட்டி வைத்தேன்.

என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். இரண்டு தரம் ஆயிற்று. வாயைத் திறந்து திறந்து பார்க்கிறேன். மூன்றாம் தரம் கோமதி எழுந்து சொல்கிறாள்: "இந்தா இருக்காக." நோட்டை மூடச் சொல்கிறாள்.