விட்டுப்போன பைகள்

சல்லி,
14.09.1980

என்ர அன்பு மகன் சோமசேகரம் அறிய அம்மா எழுதுவது, அந்தப் பஹ்ரேன் வெயிலுக்குள்ள உனக்கொரு குறையும் வரக்கூடாது எண்டு முத்துமாரி அம்மனைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுறன், நாங்கள் மூண்டு பேரும் இருக்கிறம், சுகம் எண்டு எழுதத்தான் கை வருகுதில்லை. அப்பாவுக்கு மூச்சிழுப்புக் கூடிப்போச்சு, இந்த வருசம் ஒரு நாளும் கடலுக்குப் போகேல்ல, வலையை மற்றவையின்ர வள்ளத்துக்குக் குடுத்திட்டுக் கதிரையில இருந்து கடலைப் பாத்துக்கொண்டிருக்கிறார். தங்கச்சி ஏன் எனக்கு எழுதுறாள் இல்லை எண்டு போன கடிதத்தில கேட்டிருந்தாய், அவளுக்கு இப்ப மனம் சரியில்லை மகன், என்னோட கோபம், அது என்ன கோபம் எண்டு வேற ஆரும் உனக்கு எழுதமுன்னம் நானே எழுதவேணும் எண்டுதான் இண்டைக்குப் பேனை எடுத்தனான்.

தங்கச்சி புஷ்பவதி பனையோலையில கைப்பை இழைக்கிறது நீ பாத்ததுதானே, சின்ன வயசில வாதம் வந்து வலது கால் சூம்பின நாளில இருந்து அவளுக்குக் கைதான் எல்லாம். போன வருசம் நிலாவெளிப் பக்கம் கடற்கரை ஹோட்டலுகளுக்கு வெள்ளைக்காரர் நிறைய வரத் தொடங்கின உடன நான் பையளைக் கட்டிக்கொண்டு போய் மணலில பரப்பி வச்சுக்கொண்டு இருந்தனான், ஒரு கிழமை இருந்தும் ஒரு பையும் போகேல்ல. ஆரும் கிட்ட வந்தால் நான் தலையைக் குனிஞ்சிடுவன். பக்கத்தில சிப்பி மாலை விக்கிற மூதூர் மைமூனா பாத்துப் பாத்து ஏலாமல், அக்கா நீங்கள் செத்த வீட்டில இருக்கிற மாதிரி இருந்தால் ஆர் வாங்குறது எண்டு கேட்டவ. பையை நிலத்தில வச்சிருக்காமல் அவையின்ர கையில குடுங்கோ, கைக்கு வந்த சாமானைத் திருப்பித் தர மனிசருக்கு மனம் வராது எண்டும், விலையைச் சொல்லமுன்னம் எத்தனை நாள் இழைச்சது எண்டு விரலைக் காட்டுங்கோ எண்டும், சிவப்புக்குப் பக்கத்தில சிவப்பை வையாதேங்கோ எண்டும் அவதான் சொல்லித்தந்தவ. உனக்குச் சொல்ல வெக்கமாய்க் கிடக்கு, ஐம்பது வயசில எனக்கு அது பள்ளிக்கூடம் போன மாதிரி இருந்தது. நாளுக்கு ரெண்டு மூண்டு போகத் தொடங்கிட்டுது. பின்னேரம் வீட்டுக்கு வந்தால் உன்ர தங்கச்சி வாசலிலயே இருந்து எந்த நிறத்தை எடுத்தவை, என்ன சொன்னவை எண்டு ஒண்டு விடாமல் கேப்பாள், கேட்டு அதுக்கேத்த மாதிரி வாயை அகலமாக்கி, மூடி வச்சு, புதுசு புதுசாய் இழைப்பாள்.

இந்த வைகாசியில தானும் ஒருக்கா வந்து பாக்கவேணும் எண்டு ஆசைப்பட்டவள், பக்கத்து வீட்டுச் சின்னராசா ஹோட்டலில அறை துப்புரவாக்கிற வேலைக்குப் போறவன்தானே, அவன்ர சைக்கிளில ஏத்திக்கொண்டு வந்தனாங்கள். அண்டைக்கு ஒரு வெள்ளைக்காரி வந்து முதல் அவளின்ர ஊண்டுகோலைப் பாத்தவள், பிறகு காலைப் பாத்தவள், பிறகு நாலு பையைத் திறந்தும் பாராமல் எடுத்துக்கொண்டு கேட்ட விலையைத் தந்திட்டுப் போனவள். அதைக் கண்டு நான் ஒண்டு படிச்சிட்டன் மகன், அது மைமூனா சொல்லித்தராத பாடம். கடற்காத்து உடம்புக்கு நல்லது எண்டு சொல்லி ஒவ்வொரு நாளும் அவளைக் கூட்டிக்கொண்டு போனனான், முன்னுக்கு இருத்தி, ஊண்டுகோலைப் பையளுக்கு மேல குறுக்கால போட்டு வைப்பன், ஆரும் நிண்டால் அவளின்ர முழங்காலைத் தொட்டுக் காட்டி, நடக்க ஏலாது எண்டு கையால சொல்லுவன். அவள் என்ன நினைச்சவள் எண்டால், இழைச்சது இவள்தான் எண்டு நான் பெருமையாய்க் காட்டுறன் எண்டு. வந்த எல்லாரையும் பாத்துச் சிரிச்சவள். அந்தச் சிரிப்பை நினைச்சால் எனக்குச் சோறு இறங்குதில்லை. மைமூனா ஒரு நாள் தன்ர பாயைச் சுருட்டிக்கொண்டு தூரமாய்ப் போய் இருந்தவ.

ஆவணியில சின்னராசா ஒரு சாக்கோட வந்தவன், நல்லது செய்யிறன் எண்டுதான் பாவம் வந்தவன். அக்கா, வெள்ளைக்காரர் அறையளில விட்டிட்டுப் போன பையள், குப்பையில போட மனம் வரேல்ல, திரும்ப விக்கலாம்தானே எண்டு வாசலில கொட்டினவன். பதினேழு பை. புஷ்பவதி ஒவ்வொண்டாய் மடியில எடுத்து வச்சு உள்ளுக்குக் கை விட்டுப் பாத்தவள், ஒண்டிலயும் ஒரு பொட்டு மணல் இல்லை, ஓலை மடிஞ்ச தடம்கூட இல்லை. வேண்டாத சாமானை ஏன் அம்மா வாங்கினவை எண்டு கேட்டாள். பிளேனில பாரம் எண்டு விட்டிருப்பினம் எண்டு சொன்னனான். அவள் பாவாடையை இழுத்துக் காலை மூடிப்போட்டு, அப்ப நீங்கள் வித்தது என்ர காலைத்தானே எண்டாள். அப்பா கதிரையில இருந்தவர் திரும்பிப் பாக்கேல்ல. நான் குசினிக்குள்ள போய் அடுப்படியில சும்மா நிண்டனான்.

பத்து நாள் அவள் ஓலையைத் தொடேல்ல. பிறகு ஒரு காலமை அந்தச் சாக்கையும் தூக்கிக்கொண்டு தனிய பஸ் ஏறிப் பட்டினத்துக்குப் போய், சந்தைக்குக் கிட்ட அலியார் நானாவின்ர கடையில காட்டியிருக்கிறாள். அவர் ரெண்டு தேங்காயும் ஒரு பூசணியும் போட்டுத் தூக்க, கைப்பிடி அறுந்து எல்லாம் உருண்டிட்டுதாம், இது என்ன பிள்ளை பையோ பூமாலையோ எண்டு ஏசினவராம். வீட்டுக்கு வந்து அப்பாட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சவள், தன்ர வேலையை ஒருத்தர் குறை சொன்னது அவளுக்கு அவ்வளவு சந்தோசம். என்னட்டச் சொல்லேல்ல. இப்ப கைப்பிடிக்குள்ள கயிறு வச்சு இழைக்கிறாள், கிழமையில மூண்டு நாள் அந்தக் கடை வாசலில இருந்து விக்கிறாள், சீனி முடிஞ்சுதோ எண்டு கேக்கிறதைத் தவிர என்னோட ஒரு கதையும் இல்லை. வாற மாசம் பட்டினத்தில ஓர்ஸ் ஹில் பக்கம் ஒரு அறை எடுத்துப் போகப்போறாளாம், அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மறிக்கச் சொல்லி நான் உனக்கு எழுதேல்ல மகன், மறிக்க எனக்கு வாய் இல்லை. உன்ர முதலாளியின்ர மனிசிக்குக் காட்ட ரெண்டு பை அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தாய், அதை அவளுக்கே எழுதிக் கேள், வந்தால் பையை மட்டும் காட்டு, இழைச்சவளைப் பற்றி ஒண்டும் சொல்லாத.

போன வெள்ளிக்கிழமை மனம் கேக்காமல் நானும் சந்தைக்குப் போனனான். ஒரு பெட்டிக்குப் பின்னால நிமிந்து இருக்கிறாள், கால் வெளியில தெரியேல்ல. ஆரோ ஒரு மனிசி விலையைக் குறைக்கச் சொல்லி நிக்க, இழுத்துப் பாருங்கோ அக்கா, அறுந்தால் கொண்டு வந்து என்ர முகத்தில எறியுங்கோ எண்டு சத்தமாய்ச் சொல்றாள், வீட்டில நான் கேளாத சத்தம். நானும் மற்றவையோட நிண்டு என்ர முறைக்குக் கிட்டப் போனனான். கண்டிட்டாள். எல்லாரையும் கேக்கிற மாதிரி, பெரிசோ சின்னனோ எண்டு கேட்டாள். சின்னன் எண்டனான். எடுத்துத் தந்து காசை வாங்கினாள். அம்மா எண்டு சொல்லேல்ல, போங்கோ எண்டும் சொல்லேல்ல, எனக்குப் பின்னால நிண்ட ஆளைப் பாத்து, உங்களுக்கு எண்டு கேட்டவள்.

தலைக்குத் துணி கட்டாமல் வெயிலில நிண்டு வேலை செய்யாத, தங்கச்சிக்கு வேறயாய் ஒரு கடிதம் போடு, அதில என்னைப் பற்றி ஒண்டும் கேளாத. நீ போற இடமெல்லாம் அம்மாள் உனக்கு நிழலாய் நிக்கட்டும், நீயாவது மனம் குளிர வாழவேணும் ராசா.

இப்படிக்கு,
உன்ர அம்மா
இராசமலர்